காலை ஆறு மணியின் நிறம்

ஆஸ்பத்திரியில் மூன்றாவது சிறுநீர் ரிப்போர்ட்டும் சுத்தமாக வந்தபோது அவள் வாய் தவறிக் கேட்டுவிட்டாள். "ஏங்க, ஒருவேளை உங்களுக்குத்தான் அப்படித் தோணுதோ?"

அவன் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். அது அவளை நாலு அறை அறைந்த மாதிரி இருந்தது.

காலையில் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகிறது என்று அவன் சொல்ல ஆரம்பித்து நான்கு மாதமாகிறது. கூடவே ஓயாத அசதி. வீட்டு மாடி ஏறுவதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்குவான். ஒரு டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். இன்னொருவர் கல் என்றார். ஸ்கேனில் மணல்கூட இல்லை. மூன்றாமவர் ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"எனக்காவது ஒரு தடவை காட்டுங்களேன்" என்றால், "சீ போ, இதையெல்லாமா பொண்டாட்டிகிட்ட காட்டுவாங்க!" என்று வெட்கப்பட்டுத் தண்ணீரை ஊற்றிவிடுவான்.

"மாப்பிள்ளைக்கு லீவு போட ஒரு காரணம் வேணும், அவ்வளவுதான்" என்று போனில் சிரித்தான் அவளுடைய அண்ணன். மழலையர் பள்ளி டீச்சரான அவள் பொய் வயிற்றுவலிகளைத் தினமும் பார்க்கிறவள். அந்தப் பழக்கம்தான் ஆஸ்பத்திரியில் நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கோபமா?"

"இல்ல டீச்சரம்மா. சொன்னா நம்பவா போற?"

"சொல்ல வேண்டாம். கலந்து காட்டுங்க."

பெயிண்ட் கடையில் கலர் கலக்குவதுதான் அவன் வேலை. சுவரிலிருந்து பெயர்ந்த ஒரு சில்லைக் கொண்டுவந்தால் போதும், அதே நிறத்தை அச்சு அசலாகக் கலந்து கொடுப்பான். ஒரு நிறத்தை ஒரு வாரம் கண்ணிலேயே வைத்திருக்க அவனால் முடியும். வீட்டிலிருந்த சின்னச் சின்ன பெயிண்ட் டப்பாக்களை எடுத்துக் கலந்து ஓர் அட்டையில் மூன்று பட்டைகள் இழுத்தான்.

அவள் முதல் பட்டையைக் குனிந்து கிட்டத்தில் பார்த்தாள். ஏறக்குறைய கறுப்பு.

"இது?"

"காலைல ஆறு மணி. அடுத்தது பத்து மணி. கடைசி, மத்தியானம். அப்போ வெளுத்துடும்."

கடைசிப் பட்டை சாதாரண மஞ்சள். அவள் நிமிர்ந்தாள்.

"டெஸ்டுக்கு எப்போ குடுத்தீங்க?"

"மத்தியானம்தான். மூணு தடவையும்."

"ஏன்?"

இதென்ன கேள்வி என்பதுபோல் பார்த்தான். "கலரை உச்சி வெயில் வெளிச்சத்துலதானே பாக்கணும்? காலை வெளிச்சத்துல எல்லாம் தப்பாத் தெரியும். பதினாறு வருஷமா நான் அப்படித்தானே..."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அட என் ராசா! லேப்ல என்ன சுவருக்கா பெயிண்ட் அடிக்கப் போறாங்க?"

மறுநாள் காலை ஆறு மணிக்குக் குளியலறைக் கதவுக்கு வெளியே கை நீட்டி நின்றாள். வெட்கத்தோடு வந்த பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றி, அட்டையையும் எடுத்துக்கொண்டு அவனை இழுத்துப் போனாள்.

மூன்றாவது டாக்டர் அட்டையை வெகுநேரம் பார்த்தார். சோதனை முடிந்து வந்தபோது அவர் குரல் மாறியிருந்தது. "ரத்தம்னு காட்டுது, ஆனா ஒரு சிவப்பணுகூட இல்ல. எங்கயும் ஒழுகல. அணுக்கள் உள்ளேயே உடையுது. அதுங்களோட சாயம்தான் சிறுநீர்ல இறங்குது. உடனே ரத்த நோய் நிபுணரைப் பாருங்க."

இரண்டு வாரம் கழித்து நிபுணரம்மா விளக்கினார். பல லட்சம் பேரில் ஒருவருக்கு வருவது. சிவப்பணுக்களின் மேல் இருக்க வேண்டிய பாதுகாப்பு அவனுடையவற்றில் இல்லை.

"பெயிண்டுக்கு முன்னாடி ப்ரைமர் பூச்சு அடிக்காத சுவர் மாதிரியா டாக்டர்?"

"அதேதான்" என்று அவர் சிரித்துவிட்டார். "லேசான நோய் இல்ல. ஆனா மருந்து இருக்கு. கட்டுக்குள்ள வெச்சுக்கலாம்."

அவளுக்குக் கண் இருட்டியது. அவனோ நான்கு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான். அவன் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"பாத்தியா, சும்மா எனக்குத் தோணினது இல்ல" என்றான்.

அவள் அவன் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

அவன் ஃபைலில் குத்தியிருந்த அட்டையை எட்டிப் பார்த்தான். "அந்த முதல் பட்டையில சிவப்பு ஒரு சொட்டு கூடிப்போச்சு டாக்டர். அடுத்த தடவை சரியாக் கலந்து தர்றேன்."

"அடுத்த தடவை ஒண்ணும் வேண்டாம்" என்றாள் அவள். "நாளைலேர்ந்து காலை ஆறு மணிக்கு நானே பாத்துக்கறேன்."