கடைசி இரண்டு வரிசை

பஸ் கண்டக்டராக ஒன்பது வருஷம் இருந்தவளுக்கு, அது எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. முதலில் ஒரு கைக்குட்டை, அவ்வளவுதான். சாயப்பட்டறை ஆட்களுக்கு என்ன தேய்த்துக் கழுவினாலும் விரல்களில் நீலம் போகாது. அப்படி ஒருவர் எழுந்துபோன இருக்கையில், வங்கிக்காரர் ஒருவர் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு கைக்குட்டைகள் பெருகின. எவ்வளவு கூட்டம் பிதுங்கினாலும் பட்டறை ஆட்களின் பக்கத்து இடம் காலியாகவே வந்தது. ஒருநாள் வாய்த்தகராறு முற்றி, கண்டக்டர் நடுவில் புகுந்தாள்.

"பட்டறைக்காரங்க மட்டும் கடைசி ரெண்டு வரிசைக்குப் போயிடுங்க. எதுக்கு வீண் வம்பு?"

போனவர்களில் அவளுடைய கூடப்பிறந்த தங்கச்சியும் ஒருத்தி.

"என்னக்கா, என்னையுமா?"

"ஒரு வாரம் பொறுத்துக்கடி. எல்லாம் சரியாயிடும்."

வாரம் மாதமானது. தங்கச்சி தினமும் ஏறியதும் நேரே கடைசி வரிசைக்குப் போனாள்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், பட்டறை நிறுத்தத்தில் இருநூறு பேர் நின்றிருந்தார்கள். வழக்கமாக முண்டியடிக்கும் கூட்டத்தில் அன்று பேச்சுமூச்சில்லை. கதவு திறந்தது. ஒருவரும் ஏறவில்லை.

"ஏறுங்க, நேரமாகுதுல்ல!"

எல்லாக் கண்களும் அவள்மேல் இருந்தன. அவற்றில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. முன்வரிசையில் தங்கச்சி. கண்டக்டர் கீழே இறங்கிக் கையை நீட்டினாள்.

"விளையாடாதே, வாடி."

யாரும் சைகை காட்டவில்லை. ஆனால் மொத்தக் கூட்டமும் ஒரே சமயத்தில் ஓரடி பின்னால் நகர்ந்தது.

"நீங்க போங்க," என்றாள் தங்கச்சி.

பிறந்ததிலிருந்து வாய் நிறைய 'அக்கா, வா, போ' என்று பேசியவள்.

"உள்ளே வாம்மா, எனக்கு என்னமோ நல்லாப் படல," என்றார் டிரைவர். அவள் ஏறிக்கொண்டாள், விசில் ஊதவில்லை. அவரே வண்டியை எடுத்தார்.

மறுநாள் விடிந்ததும், டியூட்டிக்குக் கிளம்பியவள் டிக்கெட் பையோடு தங்கச்சியின் வீட்டுக்கு ஓடினாள். பட்டறை ஆட்கள் குடியிருந்த ஏழு தெருவிலும் கதவுகள் திறந்தே கிடந்தன. உள்ளே ஒரு டம்ளர்கூட மிச்சமில்லை. தங்கச்சி வீட்டு அடுப்பைத் தொட்டாள், இன்னும் சுட்டது.

தெருமுனையில் பட்டறை வாட்ச்மேன் நின்றிருந்தார்.

"குழந்தைங்ககூட அழலைம்மா. வரிசையா நடந்து போனாங்க. எங்கேன்னு கேட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கல."

"எந்தப் பக்கம்?"

அவர் கையைக் காட்டினார். டிக்கெட் பையைக் கழற்றி அவர் கையில் திணித்துவிட்டு, அவள் அந்தப் பக்கமாக நடந்தாள்.