ஓலை முடிச்சு

பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏரிச் சேற்றில் இறால் தடவிய எல்லம்மாவுக்கு அன்று வேலையே ஓடவில்லை. கண் மணல்மேட்டிலேயே இருந்தது. கோட்டை ஒல்லாந்தருக்குப் பேச்சைப் பெயர்த்துச் சொல்லும் துபாஷி சம்பந்தம் கடப்பாரை ஆட்களோடு அங்கே சுற்றிக்கொண்டிருந்தான். கப்பலேற்றிச் சீமைக்கு அனுப்ப அவர்கள் பிடுங்குவது கள்ளிமுளையானை. விரல் கனத்தில், நாலு பட்டையாய், முள்ளில்லாமல் நிற்கும் சதைச்செடி. ஊரார் நுனியை மட்டும் கிள்ளுவார்கள். வேரைத் தொடக் கூடாதென்பது ஊர்க்கட்டுப்பாடு. கோட்டை ஆளிடம் அதெல்லாம் செல்லுமா? மேடு நிறைய இருந்ததில், தாழம்புதர்களுக்கு அடியில் ஒளிந்த சில தூறுகள்தான் இப்போது மிச்சம்.

வீட்டில் புருஷன் வரதன் காய்ச்சலில் கிடந்தான். கஞ்சியைக் கண்டாலே அவனுக்குக் குமட்டியது. புளியும் உப்பும் வைத்து அரைத்த கள்ளிமுளையான் துவையலைத் தொட்டுக்கொண்டால்தான் நாலு வாய் இறங்கும். அதுவும் இல்லாமல் போனால் ஆளே போய்விடுவானோ என்ற பயம் அவளைப் பிடுங்கித் தின்றது.

அதனால்தான் நேற்று அந்தத் தாழைகளில் எல்லாம் ஓலை முடிந்துவிட்டு வந்தாள். ஏரியில் நண்டு வளையைக் கண்டவர் பக்கத்தில் குச்சி நட்டு ஓலையை முடிந்துவிட்டால், பட்டினி கிடந்தாலும் இன்னொருவர் அதில் கை வைக்க மாட்டார். பிறந்ததிலிருந்து அப்படி ஒருவர் வைத்து அவள் பார்த்ததில்லை. வேர்க்கட்டுப்பாட்டை மீறினாலும், இந்த முடிச்சைக் கடப்பாரை ஆட்கள் மதிப்பார்கள் என்று நம்பினாள்.

கரையிலிருந்து பக்கத்து வீட்டு ராஜம்மா கத்தினாள்.

"எல்லம்மா! ஓலை எங்க தொங்குதோ அங்க தோண்டுனு சொல்றான்டி அந்த சம்பந்தம். தேடுற வேலையே இல்லையாம் அவனுங்களுக்கு."

"இன்னாடி சொல்ற?"

வாய் திறந்ததில் பறி நழுவி இறாலெல்லாம் தண்ணீரோடு போயிற்று. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மேட்டில் ஏறி ஓடினாள். வழியெல்லாம் ஈரம் காயாத குழிகள், ஒவ்வொன்றின் அருகிலும் அவள் முடிந்த ஓலை. பாவி, நானே காட்டிக்கொடுத்தேனே!

வடக்குக் கோடித் தாழை மட்டும் தப்பியிருந்தது. முடிச்சில் கை வைத்தாள். சேற்று விரல்கள் வழுக்கின. கடற்காற்றுக்கும் அவிழாதபடி அவளே இறுக்கியது.

"அந்தக் கோடியில ஒண்ணு ஆடுது பாரு," மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவன் சொன்னான். "ஓலைதானா அது?"

எல்லம்மா மண்டியிட்டாள். தாழை முள் கன்னத்தைக் கிழிக்க, முகத்தைப் புதருக்குள் நுழைத்து முடிச்சைப் பல்லால் கடித்தாள்.