தொட்டுவிடாமல் ஒரு செய்முறைப் பயிற்சி

அவளை வீட்டில் எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். பத்து வயது. கையில் எது கிடைத்தாலும் கழற்றிப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. அவள் கழற்றி மாட்டிய சுவர்க் கடிகாரம், அதற்குப் பிறகு தனக்குத் தோன்றிய நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. மிக்சியைப் பிரித்துப் பரப்பிய அன்று, கிளினிக் வரவேற்பறை வேலை முடிந்து களைத்து வந்த அம்மா வாசலிலேயே தலையில் கை வைத்துவிட்டாள்.

அந்த வாரமே ‘கையே ஆசான்’ விடுமுறைப் பயிற்சியில் மகளைச் சேர்த்தாள். நான்கு சுவருக்குள் அடைபட்ட கல்விக்கு விடுதலை என்றது விளம்பரம். விடுதலை, ஒரு கடைத்தொகுதியின் மாடியில், ஜன்னல் இல்லாத ஏசி அறையில் நடந்தது. முதல் நாள் என்பதால் அம்மாவும் பின்வரிசையில் உட்கார அனுமதி கிடைத்தது.

பயிற்சியாளரின் டை தொப்புளைத் தாண்டித் தொங்கியது. உட்கார்ந்த கணமே பிள்ளைகள் அவருக்கு டை சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

“குட்டீஸ், எல்லாரும் கையைப் பின்னாடி கட்டிக்கோங்க. இன்னைக்கு நாம கையால செய்யக் கத்துக்கப் போறோம்!”

கண்ணாடி அலமாரியில் சுத்தியல், ஸ்க்ரூடிரைவர், குறடு எல்லாம் விலைச்சீட்டுகூடக் கிழிபடாமல் மின்னின. திரையில் ஓடிய வீடியோவில் யாரோ ஆணி அடித்தார். பிள்ளைகள் கைதட்ட மட்டும் பின்னால் கட்டிய கையை அவிழ்த்தார்கள்.

“சார், அந்த ஸ்க்ரூடிரைவரைத் தொட்டுப் பாக்கலாமா?” என்றாள் வாலு.

“மனசால தொட்டுப் பாரும்மா. கற்பனைதான் முக்கியம்.”

அடுத்து, ஏற்கெனவே செய்து வைத்திருந்த பறவைக் கூடு ஒன்று வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் அதைப் பிடித்துக்கொண்டு, தானே செய்ததுபோல் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டது.

கல்வி இந்த அளவுக்கு முன்னேறிய பிறகு டை சார் டீ குடிக்கக் கிளம்பினார். கதவைத் திறக்கக் கைப்பிடியைத் திருகினார்; அது அவர் கையோடு வந்துவிட்டது. மறுபாதி வெளியே ‘டங்’கென்று விழுந்தது. காவலாளிக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. கைப்பிடி இருந்த ஓட்டையில் தன் பேனாவை விட்டுத் திருகினார். பேனா உள்ளேயே உடைந்தது.

“யாரும் பதறாதீங்க. மூச்சை நல்லா இழுத்து விடுங்க” என்றார். அவர்தான் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

முன்வரிசைப் பொடியன் ஒருவன் கால்களைப் பின்னிக்கொண்டு, “சார், ஒண்ணுக்கு” என்றான்.

வாலு கதவருகே போய் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தாள். “அம்மா, இந்தத் தகட்டைக் கழட்டினா பேனாத் துண்டை எடுத்திரலாம். அப்புறம் உள்ள எதையாச்சும் விட்டுத் திருப்பினா கதவு திறந்துக்கும்.”

அம்மா எழுந்து நேராகப் போய் அலமாரியைத் திறந்தாள்.

“மேடம், அது டிஸ்ப்ளேக்கு! பசங்க தொடக் கூடாதுன்னு பாலிசி இருக்கு!”

“இந்தப் பையனுக்கு அவசரமாம் சார். அதை உங்க பாலிசிகிட்ட சொல்லுங்க. வாலு, இந்தா, கழட்டு.”

ஒருத்தி செல்போன் வெளிச்சம் காட்டினாள். இன்னொருத்தன் திருகாணிகளை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டான். வாலுவின் நாக்கு உதட்டோரம் லேசாக எட்டிப் பார்த்தது. வீட்டில் இதே வேலைக்கு எத்தனையோ முறை கத்தியிருந்த அம்மா, அந்த முகத்தை நின்று பார்த்தது அன்றுதான். பேனாத் துண்டு வெளியே வந்தது. ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருப்பியதும் கதவு திறந்தது. பொடியன் பறந்தான்.

மாலையில் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. கதவைச் சுற்றிப் பிள்ளைகள். கீழே, “முதல் நாளே நெருக்கடி மேலாண்மை, நேரடிச் செய்முறை!” அம்மாவுக்கு மட்டும் தனியாக இன்னொரு செய்தி: பாதுகாப்பு விதியை மீறிக் கருவியைத் தொட்டதால், வாலுவை இனி அனுப்ப வேண்டாம்.

அதைப் படித்து முடிப்பதற்குள் பொடியனின் அம்மா கூப்பிட்டாள். “நாளைக்கு உங்க பொண்ணு வீட்ல இருப்பாளா? இவன் கிளாஸுக்குப் போக மாட்டானாம், அங்கதான் வருவேன்னு ஒத்தைக்கால்ல நிக்கிறான்.” போனை வைத்தால் அடுத்த அழைப்பு, அதற்குப் பின்னால் இன்னொன்று.

மறுநாள் காலை வாசலில் ஒரு பட்டாளமே நின்றது. அம்மா கிளினிக்குக்கு லீவு சொன்னாள், டிவி ரிமோட்டையாவது காப்பாற்ற எடுத்து இடுப்பில் செருகினாள், பிறகுதான் கதவைத் திறந்தாள்.