பதம் இறங்கிய பஞ்ச்

விஜயதசமி அன்று காலை எட்டேகாலுக்கு அர்ஜுனன் என் வீட்டுக் கதவை இடித்தான். நைட் ஷிப்ட் முடிந்து வந்து நான் படுத்து அரை மணிகூட ஆகவில்லை.

"இன்னாபா இரும்பு குடுத்த? ஒரே அடியில மூக்கு மழுங்கிடுச்சு!"

அவன் ஜக்காடு அட்டை குத்துகிறவன். அட்டையில் துளை விழுகிற கணக்கில்தான் புடவைக் கரையில் மயிலும் யாளியும் வரும். துளை போட மூன்று பஞ்ச் நான்தான் செய்து கொடுத்திருந்தேன். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன் என்றாலும், ஃபாக்டரியில் எனக்கு உலைப் பக்கம்தான் வேலை. எஃகைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் இறுகும். ஆனால் அடித்தால் தெறித்துவிடும். மறுபடி இளஞ்சூடு காட்டி, வைக்கோல் நிறம் வந்ததும் நிறுத்த வேண்டும்; தாண்டி நீலமானால் மெத்தென்று ஆகிவிடும். அப்படித்தான் நிறுத்தினேன்.

"ஒம்போதுக்கு எமகண்டம். அதுக்குள்ள மொத அட்டை விழலைன்னா டிசைனை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னு புடவை மொதலாளி ஸௌந்தரராஜன் எங்க வூட்லயே வந்து உக்காந்துக்கினு இருக்காரு."

அவன் நீட்டிய இரண்டு பஞ்சிலும் சந்தனம், குங்குமம், கரி. லுங்கியில் துடைத்தேன். நுனி நீலமாக இருந்தது.

"அண்ணே, நேத்து பூஜையில கற்பூரத்த எங்க ஏத்துன?"

"அது மூக்கு மேலதான். ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ரெண்டு கட்டி. தட்டுல காட்டுனா அதுக்கு எப்டி போய்ச் சேரும்?"

"அந்தச் சூட்டுலதான் பதம் இறங்கிடுச்சு."

"நீயும்தான நெருப்புல வெச்ச?"

"நான் நேரம் பாத்து எடுத்தேன். நீ மூணு பாட்டு முடியறவரைக்கும் எரியவுட்டிருப்ப."

"நாலு," என்றான்.

மறுபடி பதம் ஏற்ற ஒரு மணி நேரமாவது ஆகும். மூன்றாவது எங்கே என்றேன். பூஜைக்கு முன்பே காணோமாம். அதைத் தேட, சைக்கிளில் பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் அவன் வீட்டுக்கு மிதித்தோம்.

அவன் மனைவி வடிவு சமையல்கட்டிலிருந்து அதை எடுத்துவந்தாள். "தேங்கா கண்ணு தொறக்க எடுத்தேன்."

"ஆயுத பூஜை அன்னிக்கு ஆயுதத்தாலயா?"

"நீ கொளுத்துன, நான் குத்துனேன். எது உருப்படியா இருக்குதுன்னு பாரு."

வைக்கோல் நிறம் கலையாமல் இருந்தது. அர்ஜுனன் அட்டையை வைத்துச் சுத்தியலை ஓங்கினான்.

"இரு," என்றார் ஸௌந்தரராஜன். "பூஜையில வெச்சதுதானே?"

அர்ஜுனன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

"இல்லீங்க," என்றான்.

"அப்ப ஆரத்தி காட்டு. இல்லாம என் டிசைன் மேல படக் கூடாது."

மணி எட்டு ஐம்பத்திரண்டு. வடிவு தட்டில் கற்பூரம் ஏற்றினாள். அர்ஜுனன் பக்தி முற்றி பஞ்சைத் தட்டுக்குக் கிட்டே கொண்டுபோனான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். அவன் திரும்ப நீட்டினான். திரும்ப இழுத்தேன்.

"யார்ரா இவன், ஆரத்தியைத் தடுக்கறான்?" என்றார்.

"இரும்பு படிச்ச புள்ளைங்க. பாதிதான் படிச்சுது," என்றாள் வடிவு. தட்டை ஒரு முழம் தள்ளிப் பிடித்து மூன்று சுற்றுச் சுற்றி, கற்பூரத்தை ஊதியே அணைத்துவிட்டாள்.

டக்.

கீழே விழுந்த அட்டைப் பொட்டை ஸௌந்தரராஜன் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அறுநூறு அட்டையும் உனக்குத்தான் அர்ஜுனா. ஆனா தினம் இந்தம்மாதான் ஆரத்தி காட்டணும். நீ கிட்டயே போகாதே."