கடைசி வரிசையில் நிற்பவர்

கணவன் இறந்துபோய்ப் பதினான்கு மாதம் ஆன பிறகு, அவரை அவள் ஒரு விளையாட்டு மைதானத்தில் பார்த்தாள். கைபேசியில் ஓடிக்கொண்டிருந்த புதுப்படம் அது. நாயகன் கோல் போட்டதும் கூட்டம் ஆர்ப்பரிக்க, கேமரா கடைசி வரிசைவரை போய்த் திரும்புகிறது. அங்கே கம்பித் தடுப்பை ஒட்டி, கட்டம் போட்ட சட்டையில் மீசை நின்றிருந்தார்.

மீசை என்றுதான் படப்பிடிப்புத் தளங்களில் அவரைக் கூப்பிடுவார்கள். கணவன் மனைவி இருவருமே கூட்டத்தில் ஆள்களாக நடிப்பவர்கள். இருபது வருடத்துக்கு மேல் சந்தையில் பை தூக்கி நடந்திருக்கிறார்கள், நீதிமன்றத்தில் கொட்டாவி விட்டிருக்கிறார்கள், எரியும் கட்டடங்களிலிருந்து அலறிக்கொண்டு ஓடிவந்திருக்கிறார்கள். "எல்லாரும் மூஞ்சி தெரியணும்னு அடிச்சுக்கறாங்க. நமக்கு மூஞ்சி தெரிஞ்சா வேலை போயிடும்" என்பார் மீசை.

ஆறு வருடத்துக்கு முன் ஒருநாள், படங்களுக்குக் கூட்டம் சேர்த்து அனுப்பும் ஏஜென்ட் அவர்களை ஒரு கிடங்குக்கு அழைத்துப் போனார். உள்ளே வட்டமாக இரும்புச் சட்டம். அதில் தரையிலிருந்து தலைக்கு மேல்வரை நூறு கேமராக்கள். நடுவில் அசையாமல் நிற்க வேண்டும். பிறகு கை தட்ட வேண்டும், கையை ஆட்ட வேண்டும், திரும்பிப் பார்க்க வேண்டும். ஆளுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "இவ்வளவுதானா? வாங்கி வெச்ச டீகூட ஆறலியே" என்று சிரித்தபடி மீசை, அவர்கள் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார். அவளும் போட்டாள்.

அதன்பிறகு அழைப்புகள் குறைந்து குறைந்து நின்றே போயின. அன்று எடுத்த உருவங்களை வைத்துக் கூட்டத்தை இனிக் கம்ப்யூட்டரே நிரப்பிக்கொள்ளும் என்றார் ஏஜென்ட்.

மீசை எதையும் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. தினமும் காலையில் சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, போனைப் பக்கத்தில் வைத்தபடி உட்கார்ந்திருப்பார். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு காலையில்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

மைதானக் காட்சி இரண்டே நொடி. கை தட்டுகிறார், தலையைத் திருப்புகிறார், அவ்வளவுதான். அன்று அதை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. கடைசியில் வேறு ஊரில் இருக்கும் மகளுக்குப் போன் செய்தாள்.

"அம்மா, அது அப்பா இல்லம்மா. கம்ப்யூட்டர்ல பண்ணது."

"சட்டை அவரோடதுதானேடி?"

"அதையே பார்த்துட்டு உட்காராத. கொஞ்சம் வெளிய போயிட்டு வா. பையன் அழறான், அப்புறம் பேசறேன்."

அப்புறம் மகள் பேசியபோது அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் வருகிற படத்தையெல்லாம் பார்க்கத் தொடங்கினாள். கதையைத் தள்ளித் தள்ளிவிட்டு, கூட்டம் வரும் இடத்தில் நிறுத்துவாள். ஒரு படத்தில் ரயில் நிலையத்தில் இருந்தார். இன்னொன்றில் வேறு யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு கலவரத்தில் இருந்தார். ஓர் அரசியல் கூட்டத்தில் அவருக்கு நாலு தலை தள்ளி அதே முகத்தோடு இன்னொரு மீசை நின்று கை தட்டிக்கொண்டிருந்தபோது, அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வருடம் திரும்புவதற்குள் பதினோரு படங்களில் கண்டுபிடித்துவிட்டாள். பதினொன்றிலும் நின்றுகொண்டே இருந்தார்.

அதுதான் அவளை அரித்தது. ஒருநாள் ஏஜென்டிடம் விலாசம் வாங்கிக்கொண்டு, அந்த கிராஃபிக்ஸ் நிறுவனத்துக்கே போய்விட்டாள்.

திரை போட்டு மூடிய பெரிய அறை, எலும்பு வரை ஏறும் ஏசி. வரிசையாகக் கம்ப்யூட்டர்களின் முன் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவரும் தலை நிமிரவில்லை. முப்பது வயதிருக்கும் ஒரு கிராஃபிக்ஸ் பெண்தான் எழுந்து வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் மாறியது.

"அவரை எடுத்துடணுமாம்மா? நீங்க எழுதிக் குடுத்தா லிஸ்ட்லேருந்து தூக்கிடலாம்."

"தூக்க வேணாம்மா. கொஞ்சம் உட்கார வைக்க முடியுமான்னு கேக்க வந்தேன்."

பெண் விழித்தாள்.

"அவருக்கு முட்டி வலி. பத்து நிமிஷம் சேர்ந்தாப்ல நிக்க மாட்டாரு. நீங்க எல்லாப் படத்துலயும் நிக்க வெச்சிருக்கீங்க."

அந்தப் பெண் சிரித்துவிடுவாளோ என்று அவள் பயந்தாள். பெண் சிரிக்கவில்லை.

"யாரை எங்க நிறுத்தணும்னு நாங்க சொல்றதில்லம்மா, கம்ப்யூட்டரே போட்டுக்கும். இவரை நின்ன மாதிரி மட்டும்தான் எடுத்திருக்காங்க. இருங்க, பார்க்கறேன்."

ஏதோ எண்ணைத் தட்டினாள். திரையில் சாம்பல் நிற வெறுமையில் மீசை வந்து நின்றார். பெண் அவரை மெதுவாகச் சுற்றினாள். வேறு நிற நூலில் அவள் தைத்துக் கொடுத்த பித்தான் அப்படியே இருந்தது. மேலிருந்து பார்த்தபோது, உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை. இதைச் சொல்லியிருந்தால் மனிதர் நம்பியிருக்கவே மாட்டார்.

சாப்பாட்டு நேரம். மற்றவர்கள் எழுந்து போனார்கள். பெண் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னாள். மீசையின் முட்டியை மடக்கினாள்.

"இப்படியா?"

"இவ்வளவு விறைப்பா உட்கார மாட்டாரு. தோளைக் கொஞ்சம் தொங்க விடு. இடது காலை நீட்டிக்குவாரு."

"கை?"

"ஒண்ணு முட்டி மேல. தேய்ச்சுக்கிட்டே இருப்பாரு."

ஒரு மணி நேரம் ஆனது. இல்லாத பெஞ்சில் மீசை உட்கார்ந்தார்.

"இதை எந்தப் படத்துல போடுவீங்க?"

"எனக்கே தெரியாதும்மா. சேர்த்து வெச்சிடறேன். யாராவது எப்பவாவது எடுக்கலாம். எடுக்காமலும் போகலாம்." பெண் தயங்கினாள். "உங்களையும் எடுத்திருக்காங்களே, பார்க்கறீங்களா?"

"என்னைத்தான் தினம் கண்ணாடியில பார்க்கறேனே. வேணாம்."

திரும்பி வரும் பேருந்தில் அவளுக்கு ஒன்று தோன்றியது. அவர் போன பிறகு எத்தனையோ பேர் எப்படிச் செத்தார் என்று கேட்டார்கள். எப்படி உட்காருவார் என்று இன்றுதான் ஒருத்தி கேட்டாள்.

அடுத்த வாரம் அவள் திரையரங்குக்கே போனாள். கைபேசியில் கடைசி வரிசை மங்கலாகத் தெரிகிறது என்பதுதான் காரணம். மதியக் காட்சி, பதினைந்து பேர்கூட இல்லை. படத்தில் ஒரு பள்ளி ஆண்டு விழா வந்தது. அரங்கம் நிறைய நாற்காலிகள். ஒவ்வொரு வரிசையாகத் தேடினாள். மீசை இல்லை.

திடீரென்று இருந்தவர்கள் எல்லாரும் வெடித்துச் சிரித்தார்கள். அவள் திடுக்கிட்டாள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை. இந்த ஒரு வருடத்தில் எத்தனையோ படம் பார்த்தாயிற்று. ஒன்றின் கதையாவது சொல்லச் சொன்னால் அவளுக்குச் சொல்ல வராது.

இரண்டு இருக்கை தள்ளி ஒரு பெண்மணி தனியாக உட்கார்ந்து, சிரிப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குங்க சிரிச்சாங்க?"

"பார்க்கலியா? ஹெட்மாஸ்டர் மைக்கை அணைக்காமலே பொண்டாட்டிக்குப் போன் பண்ணி சண்டை போட்டுட்டாரு!"

"ஏன், அவங்களுக்குள்ள என்ன தகராறு?"

"அடடா, அப்ப முதல்லேருந்து சொல்லணும்" என்று அந்தப் பெண்மணி பையை எடுத்துக்கொண்டு பக்கத்து இருக்கைக்கு வந்து, காதோரம் கிசுகிசுக்கத் தொடங்கினாள். திரையில் மறுபடி கூட்டம் வந்தது. கண் தானாகக் கடைசி வரிசைக்குப் போனது. காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.