ஊதாக் கோடு

மழை விட்டு இரண்டு நாளாகியும் குரோவ்லி மேட்டின் இறக்கம் காயவில்லை. ஈரமான சுண்ணாம்புத் தரையில் சக்கரம் சோப்பின் மேல் போவதுபோல் வழுக்கும். வைலி ஆற்றுப் பள்ளத்தாக்கில் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்கள் அங்கே பிரேக்கைத் தொடாமலே இறங்கிவிடுவார்கள். ஹெஸ்டரும் அப்படித்தான். இன்றைக்கு மட்டும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். கீழே போய்ச் சேர அவளுக்கு அவசரமில்லை.

கீழே பெர்சி மஸல்வைட்டின் ஆட்டுப் பண்ணை. நேற்று மாலை அவர் போன் செய்திருந்தார். "நாளைக்கு இந்தப் பக்கம் வருவியா, அம்மணி? உனக்கு ஒண்ணு குடுக்கணும்." குரலில் கோபமில்லை. அவருக்கு இன்னும் தெரியாது என்பது அதிலேயே விளங்கிவிட்டது. யாராவது சொல்வதற்குள் தானே சொல்லிவிட வேண்டும் என்று இரவே முடிவு செய்திருந்தாள். மேட்டிலிருந்து இறங்கும் வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தாள்.

பெர்சியோடு அவளுக்குப் பழக்கம் ஓர் ஆட்டால் வந்தது. சில வருடங்களுக்கு முன், இதே மார்ச் மாதத்தில், மேட்டின் மேல் சினை ஆடு ஒன்று மல்லாந்து கிடந்தது. நான்கு காலும் வானத்தைப் பார்த்து உதைத்துக்கொண்டிருந்தன. நிறைசினையில் அப்படி விழுந்த ஆடு தானாக எழாது. வயிறு உப்பிச் செத்துப்போகும். ஹெஸ்டர் சைக்கிளைப் புல்லில் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் கம்பளியைப் பற்றிப் புரட்டினாள். கால் ஊன்றும்வரை ஆட்டை முழங்கால்களுக்கிடையே இடுக்கி நிறுத்தினாள். தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெர்சி வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார்.

"என்ன வேலை பாக்கற?"

"வார்மின்ஸ்டர்ல, பல் ஆஸ்பத்திரியில."

"அதான. பிடுங்கிப் பழகின கை."

அன்று அவர் காட்டியதுதான் ஆற்றோரப் பாதை. மேட்டடி வாசலில் தொடங்கி, ஈரப் புல்வெளி வழியே, செங்கல் பாலத்தைக் கடந்து, எதிர் மேட்டின் அடிவாரத்தில் போய் முடியும். அது இல்லாவிட்டால் லாரிகள் பறக்கும் சால்ஸ்பரி சாலையில்தான் போக வேண்டும். சட்டப்படி அந்தப் பாதையில் வெளியாருக்கு எந்த உரிமையும் கிடையாது. பெர்சியின் வாய்வார்த்தை ஒன்றுதான் அனுமதி. "நீ போ. கூட வர்ற ஒண்ணு ரெண்டு பேரும் போகட்டும்." ஊருக்குச் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

போன இலையுதிர் காலத்தில், மழை பெய்த ஒரு மாலை, ஹெஸ்டர் தன் போனில் அந்தச் சவாரி முழுவதையும் வரைபடத்தில் வரைந்தாள். ஊதா நிறக் கோடு. ஆறு வளையும் இடமெல்லாம் கோட்டையும் பொறுமையாக வளைத்தாள். 'இரண்டு மேடு, ஒரு ஆறு' என்று பேர் வைத்து, தன் மஞ்சள் சைக்கிள் செங்கல் பாலத்தில் சாய்ந்திருக்கும் படத்தையும் சேர்த்து, இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட்டாள். முதலில் நாலைந்து பேர் பாராட்டினார்கள். பிறகு பிரிஸ்டலிலிருந்தும் சவுத்தாம்ப்டனிலிருந்தும் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கினார்கள். அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு நோயாளி எழுந்து போய் அடுத்தவர் வந்து உட்காரும் இடைவெளியில்கூட எத்தனை பேர் புதிதாகப் பார்த்திருக்கிறார்கள் என்று போனை எடுத்துப் பார்ப்பாள். ஜனவரியில் ஆற்றங்கரை சேறாகக் குழம்பிக் கிடப்பதைப் பார்த்தாள். அப்போதும் அந்தக் கோட்டை இணையத்திலிருந்து எடுக்கவில்லை. எடுத்தது போன வாரம்தான்.

வாசலின் கம்பிக் கதவில் புதுச் சங்கிலி தொங்கியது. பெர்சி தன் நாயோடு கம்பத்தில் சாய்ந்து நின்றார்.

"என்ன, தள்ளிக்கிட்டு வர்ற? சக்கரம் கழண்டு போச்சா, வயசாயிடுச்சா?"

"வழுக்குது."

"உனக்கா?" என்று சிரித்தவர், சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினார். "இந்தா. உனக்கு மட்டும். மத்தவங்களுக்கு இனிமே பூட்டுதான்."

அவள் வாங்கிக்கொண்டாள். சாவி அவர் உடம்புச் சூட்டோடு இருந்தது.

"ஏன், என்ன ஆச்சு?"

"ரெண்டு ஆட்டுக்குக் குட்டி கலைஞ்சு போச்சு. யாரும் வேணும்னு விரட்டல. அதச் சொல்லணும். ரொம்ப மரியாதையான பசங்க, இந்த சைக்கிள்காரங்க. ஆடு பாதையில முன்னால ஓடுது, இவங்க ஒதுங்கச் சொல்லி மணியடிச்சுக்கிட்டே பின்னால வராங்க. அது இன்னும் ஓடுது, இவங்க இன்னும் அடிக்கிறாங்க. புல்வெளி முழுக்க இப்படியே. கடைசியில எனக்குக் கை காட்டிட்டு, நன்றின்னு சொல்லிட்டுப் போறாங்க."

ஹெஸ்டர் தன் கைப்பிடியில் இருந்த சின்னப் பித்தளை மணியைப் பார்த்தாள்.

"தபால் கொண்டு வர்ற அம்மா சொன்னா, எவனோ போன்ல மேப்பு போட்டு வச்சிருக்கானாம். உனக்குத்தான் இதெல்லாம் அத்துப்படியாச்சே. யாருன்னு பாத்துச் சொல்லேன். ஆள் கிடைச்சா ஒரு வாரம் ஆட்டுக் கொட்டகையக் கூட்ட விடுவேன்."

"பெர்சி, அதப் பத்தித்தான்…"

"இரு, டீ ஆறிடும்." பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் ஊற்றி நீட்டினார். அவள் வாங்கினாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்திருக்கலாம். ஒரு வாய் குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தாள். பிறகு இன்னொரு வாய் குடித்தாள்.

அந்த நேரத்தில் மேட்டிலிருந்து இரண்டு பேர் சைக்கிளில் கூச்சலோடு வழுக்கி இறங்கி, வாசலுக்கு முன்னால் வந்து நின்றார்கள். தலை முதல் கால் வரை சுண்ணாம்புச் சேறு. முன்னால் வந்த தாடிக்காரன் சங்கிலியைப் பார்த்தான், பெர்சியைப் பார்த்தான், அப்புறம் மஞ்சள் சைக்கிளைப் பார்த்தான்.

"டேய், இங்க பாரு! அந்த மஞ்ச சைக்கிள்! நீங்க ஹெஸ்டர்தானே?"

அவள் வாயில் டீ இருந்தது.

"உங்க ரூட்டுக்காகத்தான் பிரிஸ்டல்ல இருந்து வர்றோம்! இது எங்களுக்கு மூணாவது தடவ. அந்தப் பாலம் இருக்கு பாருங்க, அந்த ஃபோட்டோவப் பாத்துத்தான் இவனே சைக்கிள் வாங்கினான்." பெர்சியின் பக்கம் திரும்பினான். "ஐயா, இவங்க எங்க ஆளுங்க மத்தியில எவ்வளவு பெரிய ஆளு, தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாமப் போச்சு, தம்பி," என்றார் பெர்சி.

பிறகு அவர்களுக்குப் பொறுமையாக வழி சொன்னார். இது அடைத்தாயிற்று, அந்த வேலியோரமாகப் போனால் சாலை வரும், லாரி வரும், பார்த்துப் போங்கள் என்றார். அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். போகும்போது தாடிக்காரன் மணியை ஒரு தடவை அடித்தான். புல்வெளியின் அந்தக் கோடியில் ஆடுகள் தலை தூக்கின.

"சொல்லத்தான் வந்தேன், பெர்சி. சத்தியமா."

"டீக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவள் கையிலிருந்த மூடியைப் பார்த்தாள்.

"அந்த மேப்ப எடுத்துட்டேன். போன வாரமே."

"எடுத்தாப் போயிடுமா?"

"போகாது. ஏற்கனவே இறக்கி வச்சிருக்கறவங்க போன்ல இருக்கும்."

பெர்சி தலையை ஆட்டினார். மூடியை வாங்கி, மீதியிருந்த டீயைப் புல்லில் கொட்டிவிட்டு, பிளாஸ்க்கில் திருகினார். அவள் சாவியை நீட்டினாள்.

"வச்சுக்க. அன்னைக்கு ஆட்டத் தூக்கி விட்டியே, அது இல்லன்னு ஆயிடாது." நாயை ஒரு விசில் அடித்துக் கூப்பிட்டுக்கொண்டு, ஆடுகள் நின்ற பக்கம் நடந்தார். எப்போதும் அவள் பாலத்தைத் தாண்டும்வரை வாசலிலேயே நின்று கையைத் தூக்கிக் காட்டுவார். இன்று திரும்பிப் பார்க்கவில்லை.

பூட்டைத் திறந்து உள்ளே போயிருக்கலாம். யாரும் தடுக்கப் போவதில்லை. ஹெஸ்டர் கதவுக் கம்பிகளுக்கிடையே கையை விட்டு, கம்பத்தின் உள்பக்கம் அவர் கயிறு மாட்டும் ஆணியில் சாவியைத் தொங்கவிட்டாள். பிறகு வேலியோரமாகச் சாலைக்குப் போனாள். ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் காற்று அவளைப் பள்ளத்துப் பக்கம் தள்ளி, மறுபடி உள்ளே இழுத்தது. இடப்பக்கம் புல்வெளியும், அதன் நடுவே செங்கல் பாலமும் கூடவே வந்துகொண்டிருந்தன.

எதிர் மேட்டின் அடியில் அந்த இரண்டு பேரும் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள்.

"அடேயப்பா, என்னா ரோடுங்க இது!" என்றான் தாடிக்காரன். "அந்தப் பாதைய மறுபடி எப்பத் திறப்பாங்க?"

"திறக்க மாட்டாங்க. உங்க போன்லருந்து அத அழிச்சிடுங்க."

"எதுக்கு? இதுல இன்னும் காட்டுதே." அவன் போனை அவள் பக்கம் திருப்பினான். ஊதாக் கோடு ஆற்றோடு சேர்ந்து அவள் வளைத்த இடத்திலெல்லாம் வளைந்து, பாலத்தைத் தாண்டி, பெர்சியின் வாசல் வழியே போனது. "எவ்வளவு பொறுமையா போட்டிருக்கீங்க, அழிக்க மனசு வருமா? ஜூன் மாசம் எங்க கிளப்பு மொத்தமும் வருது."