ஊர்சுற்றியும் உம்மணாமூஞ்சியும்

1

இந்தக் கதையை என் அக்காவிடமிருந்து களவாடினேன். அவள் ஒரு தாவரக் காப்பகத்தில் உலர்ந்த செடிகளை இனம்பிரிக்கிறாள். ஒன்பது நாள் வாய் திறக்காதவள், இன்று காலை பேசினாள். எழுதாதே என்று சொல்லவில்லை. (சொல்லத் தோன்றியிருக்காது.)

2

'இரண்டு செடிகள், இரண்டு சகோதரிகளைப் போல'

அடித்துவிட்டேன். செடிகள் எதைப் போலவும் இல்லை.

இரண்டும் ஒரே குடும்பம், ஒரே பேரினம். பட்டப்பெயர்கள் அக்கா வைத்தவை. ஊர்சுற்றி சாலையோரம், சாக்கடையோரம் எங்கும் பூக்கும். அழியுமோ என்ற கவலை இல்லை. உம்மணாமூஞ்சி ஒரே ஒரு மலைச்சரிவில் பூவைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கும். அதற்காகத்தான் அங்கே கல் உடைக்கத் தடை. மொட்டில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பிரித்துப் பார்த்து உள்ளே மயிர் இருந்தால் உம்மணாமூஞ்சி.

3

அக்கா இரண்டு நாள் மழையில் தேடியும் சரிவில் ஓர் உம்மணாமூஞ்சிகூட இல்லை. இறங்கும் வழியில், ஒப்பிட இருக்கட்டுமென்று மொட்டு விட்டிருந்த ஓர் ஊர்சுற்றியைப் பிடுங்கினாள். வேரோடுதான், மாதிரிக்கு வேரும் வேண்டும் என்பது விதி. காப்பகத்தில் ஒரு மொட்டை வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்தபோது, உள்ளே

(இதை என்னால் முடிக்க முடியவில்லை. உங்களுக்குப் புரிந்திருக்கும்.)

4

"இன்னொண்ணு எங்கயாவது இருக்கும்க்கா."

"ரெண்டு தடவ திரும்பப் போயிட்டு வந்துட்டேன்டா. புல்லு புல்லா விலக்கிப் பாத்தாச்சு."

"வெதை?"

"மொட்டுல ஏதுடா வெதை?" சிரித்தாள். "செடிய தாள்ல ஒட்டுறாரே, அவரு சொல்றாரு, மேடம், இவ்ளோ அழகா வேர் வந்ததே இல்லன்னு."

பிறகு சாப்பிடாமலே தட்டைக் கழுவப் போட்டாள்.

5

மாலை ஐந்துக்குள் அக்கா அருகிவரும் செடிகளின் அட்டவணையை அரசுக்கு அனுப்ப வேண்டும். உம்மணாமூஞ்சிக்கு எதிரே உள்ள கட்டம் மட்டும் காலி. 'அற்றுப்போனது' என்றால் உண்மை. தடை நீங்கும், லாரிகள் ஏறும். 'மிக அருகியது' என்றால் சரிவு பிழைக்கும்; ஆனால் அது பொய். வெளிப்பட்டால் அவளுடைய இருபது வருட வேலையை யாரும் நம்பமாட்டார்கள்.

பாறை இடுக்கில் இன்னொரு செடி கிடைப்பதாக ஒரு முடிவு எழுதினேன். கூசியது. கிழித்தேன். அவள் வேலையை விடுவதாக இன்னொன்று. அப்போதும் கட்டம் காலியாகவே இருந்தது.

"நீதான் கதை எழுதுறவனாச்சே, எதைப் போடட்டும் சொல்லு," என்று காலையில் கேட்டாள். நான் தண்ணீர் குடித்தேன்.

இப்போது மணி நாலரை. பக்கத்து அறையில் நாற்காலி நகர்கிறது. என்னிடம்தான் வருகிறாள். நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? சீக்கிரம்.